கொள்வனவாளரின் படிவமும் சங்கத்துக் கொப்பியும்: நிலைபேறுத் தரவு பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்கங்களுக்கும் சிறு ஏற்றுமதியாளர்களுக்கும் கணக்கு எழுத உதவுவது என் வேலை. பனங்கட்டி, ஒடியல் மா, முருங்கையிலைத் தூள், நண்டு, சின்ன வெங்காயம் என்று பொருள் மாறும், கேள்வி மாறாது. பொருளை வாங்குபவரிடமிருந்து, வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ, சுற்றாடலையும் வேலையாட்களையும் பற்றிக் கேட்டு ஓர் எக்செல் படிவம் வரும். மறுநாள் காலை என் தொலைபேசி அடிக்கும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப் போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

நிலைபேறுத் தரவு, நிலைபேறுத் தரவு எண்டு சொல்லுகினம். நாங்கள் பனங்கட்டி விக்கிற சனம். எங்களிட்டை அப்பிடி என்ன கிடக்கு?

நிறையக் கிடக்கிறது, பெயர்தான் புதிது. ஒரு குட்டான் பனங்கட்டி கடைக்குப் போய்ச் சேரும்வரை எவ்வளவு விறகு எரிந்தது, லொறி எவ்வளவு டீசல் குடித்தது, எத்தனை பேர் வேலை செய்தார்கள், என்ன கூலி, மரம் நிற்கும் காணி யாருடையது. இவற்றை அளவோடும் திகதியோடும் ஆதாரத்தோடும் எழுதினால் அதுதான் நிலைபேறுத் தரவு. "எங்கட பனங்கட்டி முழுக்க இயற்கையானது" என்ற வரி சுவரொட்டிக்கு உதவும், படிவத்தின் கட்டத்துக்குள் போகாது.

உங்களிடம் கேட்பதற்குக் காரணம் எளியது. பொருட்களை வாங்கி விற்கும் பெரிய கொம்பனி தன் கட்டடத்து மின்சாரக் கணக்கை மட்டும் காட்டித் தப்ப முடியாது. அது வாங்கும் பொருள் எங்கே, எப்படி உண்டானது என்பதில்தான் அதன் பாதிப்பின் பெரும்பகுதி இருக்கிறது. அந்தப் பகுதி உங்கள் கொட்டிலில் நடக்கிறது. அதை அளக்கக்கூடிய ஆள் நீங்கள் மட்டும்தான்.

வழங்கல் சங்கிலி எண்டு ஒரு இடத்திலை கிடக்கு, பெறுமதிச் சங்கிலி எண்டு இன்னொரு இடத்திலை கிடக்கு. ரெண்டும் ஒண்டுதானே?

ஒன்றுக்குள் மற்றது. சீவல் தொழிலாளி, காய்ச்சுபவர், குட்டான் இழைப்பவர், லொறிக்காரர் என உங்கள் பொருள் உருவாகி வரும் பாதை வழங்கல் சங்கிலி. விற்ற பிறகு நடப்பதையும் சேர்த்தால் பெறுமதிச் சங்கிலி: கடைக் குளிரறை, வாங்கியவர் வீட்டு அடுப்பு, கடைசியில் குப்பைக்குப் போகும் பொதி. உங்களிடம் கேட்பது அநேகமாக முதற்பகுதியைத்தான். பிற்பகுதியில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியது பொதியைப் பற்றி. ஓலைக் குட்டான் என்றால் இரண்டு வரியில் முடியும். அதற்கு மேலே பொலித்தீன் சுற்றியிருந்தால் அதன் நிறையையும் எழுத வேண்டும்.

இதைக் குடுக்கச் சொல்லி எங்களுக்குச் சட்டம் ஏதும் இருக்கோ? குடுக்காட்டி என்ன செய்வினம்?

உங்களை நேரடியாகக் கட்டும் சட்டம் அநேகமாக இல்லை. சட்டம் உங்களிடம் வாங்குபவரைக் கட்டுகிறது, அவர் அதைத் தன் ஒப்பந்தத்தின் வழியாக உங்கள்மேல் இறக்குகிறார். ஜேர்மனியின் வழங்கல் சங்கிலிச் சட்டம் 2023 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. முதலில் 3000 ஊழியர்களாவது உள்ள கொம்பனிகளுக்கு, 2024 இலிருந்து 1000 பேராவது உள்ளவற்றுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலைபேறு அறிக்கையிடல் பணிப்புரையும் 2023 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. 2025 பெப்ரவரியில் ஐரோப்பிய ஆணைக்குழுவே அதைச் சுருக்க முன்மொழிந்தது, பல கொம்பனிகளுக்கு இரண்டு ஆண்டு தவணையும் கிடைத்தது. "அப்ப விட்டாச்சு" என்று அந்த நேரம் சிலர் கொப்பியை மூடினார்கள். படிவம் வருவது நிற்கவில்லை.

கொழும்புக்கு மட்டும் விற்பவர்களும் தப்பவில்லை. நிலைபேறு அறிக்கைக்கான எஸ்1, எஸ்2 என்ற இரண்டு நியமங்கள் 2025 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து கொழும்புப் பங்குச் சந்தையின் முதல் 100 கொம்பனிகளுக்குப் பொருந்தத் தொடங்கின. உங்கள் பொருளைத் தட்டில் வைப்பது அப்படி ஒரு கொம்பனியாக இருந்தால் ஒருநாள் அங்கிருந்தும் கேள்வி வரும். கொடுக்காவிட்டால் வழக்கு வராது. அடுத்த கட்டளை வராமல் போகலாம்.

ஸ்கோப் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு போட்டிருக்கு. மூண்டையும் நிரப்போணுமோ?

இந்தப் பிரிப்பு பசுமையில்ல வாயு நெறிமுறை என்ற, புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் கணக்கிடும் முறையிலிருந்து வருகிறது. உங்கள் கையில் எரிவது ஸ்கோப் 1: ஜெனரேற்றர், உங்கள் சொந்த லொறி, அடுப்பு. மின்சார சபையிடம் வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மற்றவர் எரித்து உங்களுக்காக நடப்பது ஸ்கோப் 3. இதை மட்டும் 15 வகையாகப் பிரித்து 2011 இல் தனி நியமமாக வெளியிட்டார்கள்.

முக்கியமான இடம் இதுதான்: உங்கள் ஸ்கோப் 1 உங்களிடம் வாங்குபவருக்கு ஸ்கோப் 3. அதே டீசல்தான், நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. ஆகவே முதல் வருடம் 1, 2 இரண்டையும் ஒழுங்காகக் கொடுங்கள். மூன்றில், வாங்கும் மூலப்பொருள், கூலி லொறி என்ற இரண்டு வரியோடு நிறுத்தலாம். மற்றக் கட்டங்களில் "இம்முறை கணக்கிடவில்லை" என்று எழுதுங்கள். பூச்சியம் போடாதீர்கள். பூச்சியம் என்றால் அளந்து பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று பொருள்.

தொடங்கிறது எங்கையிருந்து? சங்கத்திலை ஒரு கொம்பியூட்டர்தான், அதுவும் மனேச்சர் இருந்தால்தான் திறப்பு.

தராசடியிலிருந்து. ஒருநாள் காலை ஒரு சேகரிப்பு நிலையத்தில் நின்றேன். கருப்பநீர் முட்டி ஒவ்வொன்றாக வந்தது. அளந்தவர் அளவை வாயால் சொன்னார், பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை காசுக்கொப்பியில் ரூபாயை மட்டும் எழுதினார். லீற்றர் எங்கே என்று கேட்டேன். "ரூபாயை விலையாலை பிரிச்சா வரும்தானே அண்ணை" என்றார். அந்த மாதத்தில் விலை இரண்டு தடவை மாறியிருந்தது. எந்த நாளில் மாறியது என்று யாருக்கும் நினைவில்லை. ஒரு மாதத்து லீற்றர்க் கணக்கு அப்படியே காற்றோடு போயிற்று.

ஆகவே இருக்கிற காசுக்கொப்பியில் ஒரு நிரல் கூட்டுங்கள், புதுக் கொப்பி வேண்டாம். திகதி, யாரிடமிருந்து, எவ்வளவு, என்ன அலகு, ரூபாய், பற்றுச்சீட்டு இலக்கம். மின்பட்டியல், டீசல் பற்றுச்சீட்டு, விறகு வாங்கிய துண்டு எல்லாவற்றையும் வாங்கிய அன்றே தொலைபேசியில் படம் எடுங்கள். டீசல் நிலையத்துத் துண்டின் எழுத்து மூன்று மாதத்தில் வெளிறிவிடும். கணினிக்கு மாதம் ஒருதடவை ஏற்றினால் போதும்.

நாங்கள் பரப்புக் கணக்கிலை, அந்தர்க் கணக்கிலை எழுதுறம். அவை ஹெக்டேயர், கிலோ கேக்கினம்.

நீங்கள் அளக்கும் அலகிலேயே எழுதுங்கள். மாற்றுவது பிறகு, ஒரே இடத்தில், ஒரே ஆளால் நடக்கட்டும். கொப்பியிலேயே மனக்கணக்காக மாற்றினால் பிழையைப் பிடிக்கவே முடியாது. 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஒரு ஹெக்டேயருக்கு 39 பரப்பும் கொஞ்சமும்.

அந்தரில்தான் ஆபத்து. பழைய அந்தர் 112 இறாத்தல், அதாவது 50.8 கிலோ. இப்போது பலர் 50 கிலோ மூட்டையையே அந்தர் என்கிறார்கள். நூறு அந்தர் வெங்காயத்தில் 80 கிலோ வித்தியாசம் வரும். வாங்கும்போது ஒரு அந்தர், விற்கும்போது வேறு அந்தர் என்றால் இல்லாத வெங்காயம் கணக்கில் முளைக்கும். கொப்பியின் முதற்பக்கத்தில் "எங்கட அந்தர் இத்தனை கிலோ" என்று எழுதிவிடுங்கள். போத்தலும் முட்டியும் அப்படியே. உங்கள் முட்டியை ஒருதடவை நிறுத்துப் பார்த்து எழுதி வையுங்கள்.

டீசல் லீற்றர் இருக்கு, கரண்ட் பில்லும் இருக்கு. இதைக் காபனாக்கிறது என்னெண்டு?

பெருக்கல்தான். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவரும், பெற்றோல் என்றால் சுமார் 2.3 கிலோ, மண்ணெண்ணெய் சுமார் 2.5 கிலோ. மாதம் 60 லீற்றர் டீசல் எரிக்கும் ஜெனரேற்றர் ஏறக்குறைய 161 கிலோ. இந்தப் பெருக்கும் எண்ணுக்கு உமிழ்வுக் காரணி என்று பெயர். எங்கிருந்து எடுத்தீர்கள், எந்த வருடத்துக்கானது என்று பக்கத்தில் எழுதினால் பிறகு வரும் பாதிக் கேள்வி நின்றுவிடும்.

மின்சாரத்துக்குப் பட்டியலில் உள்ள அலகுதான் கிலோவாற் மணி. அதன் காரணியை இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் வருடாந்த வலுச் சமநிலை வெளியீட்டிலிருந்து எடுங்கள். மழை பெய்த வருடம் நீர்மின் கூடும், காரணி குறையும். வறண்ட வருடம் ஏறும். நீங்கள் ஒரு மின்குமிழைக்கூட மாற்றாமல் உங்கள் எண் ஏறி இறங்கலாம் என்பதைக் கொள்வனவாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கட சங்கம் நெடுந்தீவிலை. எங்களுக்கும் அதே காரணியோ?

இல்லை. இதைக் கேட்டவரை நான் மெச்சினேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலைக்கு வெளியே, டீசல் பிறப்பாக்கிகளில் ஓடி வந்தவை. சூரியனும் காற்றும் சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு 2024 இல் ஒப்பந்தம் ஆனது. உங்கள் தீவில் அது ஓடும்வரை டீசல் மின்சாரம் என்றே கணக்கிட வேண்டும், எண் தேசிய சராசரியைவிடக் கூட வரும். உண்மை அதுதான் என்றால் அதையே எழுதுங்கள், கீழே ஒரு வரி விளக்கம் போடுங்கள்.

இன்னொரு சிக்கலும் அடிக்கடி வரும். கூரையில் சூரியத் தகடு போட்டிருக்கிறோம், எங்கள் மின்சாரம் பச்சை என்று சிலர் எழுதுகிறார்கள். நெட் பிளஸ் முறையில் முழு மின்சாரத்தையும் சபைக்கு விற்கிறீர்கள் என்றால், நீங்கள் பாவிப்பது முழுக்க வலையிலிருந்து வரும் மின்சாரம்தான். விற்ற பொருளை வீட்டில் வைத்திருப்பதாகக் காட்ட முடியாது.

கொழும்புக்குப் போற லொறியிலை எங்கட சாமானோடை இன்னும் நாலு பேற்றை சாமானும் போகுது. டீசல் ஆற்றை கணக்கு?

நிறைப்படி பிரியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். லொறி லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடினால் 80 லீற்றர். வெறும் லொறியாகத் திரும்பினால் 160. மொத்தம் 3000 கிலோ ஏற்றி அதில் உங்களுடையது 600 என்றால் ஐந்தில் ஒன்று: 32 லீற்றர், 86 கிலோ காபனீரொட்சைட்டு. திரும்பும்போது வேறொருவரின் சாமான் ஏற்றி வந்தால் அந்தப் பாதி அவருடைய கணக்கு. லொறிக்காரரிடம் இரண்டையும் கேளுங்கள். மொத்த நிறையும், திரும்புகால் வெறுமையா என்பதும். மற்ற எல்லாவற்றையும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

எங்கட நண்டுக் குளிரறைக்கு வருசத்திலை ஒருக்கா ரெண்டுதரம் காஸ் அடிப்பிக்கிறம். அதைப் போய் ஏன் கேக்கினம்?

நான் பார்த்த கணக்குகளில் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான் இருந்தது. குளிரூட்டும் வாயு எரிவதில்லை, கசிகிறது. நீங்கள் திரும்ப அடித்த அளவுதான் கசிந்த அளவு. ஆர்-404ஏ என்ற வாயு ஒரு கிலோ வெளியேறினால் 3922 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். மூன்று கிலோ அடித்திருந்தால் பன்னிரண்டு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. அதே அளவு வரவேண்டுமென்றால் 4390 லீற்றர் டீசல் எரிக்க வேண்டும். வருடம் முழுக்க ஜெனரேற்றர் டீசலைத் துளித்துளியாக எண்ணிவிட்டு இதை விடுகிறோம்.

வாயு அடிக்க வருபவரிடம் வாயுவின் பெயரையும் கிலோவையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். "காஸ் அடித்தது, ரூபா இவ்வளவு" என்ற துண்டால் பயனில்லை. சிலிண்டரை முன்னும் பின்னும் உங்கள் நண்டுத் தராசிலேயே வைத்து நிறுங்கள். பழைய பொறிகளில் ஆர்-22 இருக்கும்; அதை மேற்சொன்ன நெறிமுறை மூன்று ஸ்கோப்புக்கும் வெளியே தனியாகக் காட்டச் சொல்கிறது. தனியாகத்தான், மறைத்து அல்ல.

விறகு எரிக்கிறம். விறகு மரம்தானே, அதுக்கும் காபனோ?

மரம் வளரும்போது உறிஞ்சியதுதான் எரியும்போது வெளிவருகிறது என்பதால் விறகுப் புகையின் காபனீரொட்சைட்டை ஸ்கோப் எண்களோடு கூட்டுவதில்லை. உயிரியற் காபன் என்று தனி வரியில் காட்டுவார்கள். ஆனால் விறகு எரியும்போது மெதேனும் நைதரசொட்சைட்டும் சிறிதளவு வரும், அவை ஸ்கோப் 1 க்குள். இரண்டுக்கும் தேவை விறகின் கிலோதான். ஒரு காய்ச்சலுக்கு எத்தனை கிலோ என்று ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள், பிறகு காய்ச்சல்களை எண்ணினால் போதும். பனை மட்டை, கொக்கறை, பன்னாடை என்று தோட்டத்தில் விழுந்ததை எரித்தால் அப்படியே எழுதுங்கள். காட்டு விறகு விலைக்கு வாங்கினால், எங்கிருந்து வெட்டியது என்ற அடுத்த கேள்விக்கும் ஆயத்தமாக இருங்கள்.

கிணத்துத் தண்ணிக்கு மீற்றரே இல்லை. எவ்வளவு இறைச்சம் எண்டு எப்பிடிச் சொல்லிறது?

ஒரு 200 லீற்றர் பீப்பாவும் கைக்கடிகாரமும் போதும். பம்பின் குழாயைப் பீப்பாவுக்குள் விட்டு எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 40 வினாடி என்றால் மணிக்கு 18000 லீற்றர். பிறகு பம்பு ஓடிய மணித்தியாலங்களை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். மாரியிலும் கோடையிலும் கிணற்று மட்டம் வேறு, ஆகவே வருடத்தில் இரண்டு தடவையாவது அளங்கள்.

எங்கள் குடாநாட்டில் இந்த வரியை நான் கொள்வனவாளருக்காக மட்டும் எழுதச் சொல்வதில்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத ஊர். சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் மழைநீரைத்தான் எல்லோரும் இறைக்கிறோம். கூட இறைத்தால் உவர் ஏறும், கூடப் பசளை போட்டால் நைத்திரேற்று இறங்கும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார அமைப்பு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டக் கிணற்றைப் பரிசோதித்த தாள் இருந்தால் படிவத்தோடு ஒரு பிரதி போகட்டும், ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும்.

போன வருசக் கணக்கு எழுதேல்லை. இப்ப என்னத்தைப் போடுறது?

மதிப்பிடலாம், மதிப்பீடு என்று சொல்லிப் போடலாம். இந்த வருடம் மூன்று மாதம் அளந்து, போன வருட உற்பத்தியோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால் நேர்மையான மதிப்பீடு. பக்கத்துச் சங்கத்தின் எண்ணில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதினால் பொய். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். கணக்காய்வாளர் பற்றுச்சீட்டுக் கேட்கும் அன்றைக்குத் தெரியும்.

அளவு இல்லாத இடத்தில் செலவழித்த ரூபாயைக் காரணியால் பெருக்கும் முறையும் உண்டு. கொழும்பில் சிலர் அதைச் சுலபமாகப் போட்டுவிடுவார்கள். எங்கள் நாட்டில் அதற்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதம் 360 அளவில். அதே மூட்டைக்கு இரண்டு மடங்கு காசு கொடுத்த வருடத்தில் காபனும் இரண்டு மடங்காகிவிட்டதாகக் காட்டும் முறை அது. ரூபாய்க் கணக்கைக் கட்டாயம் பாவிக்க நேர்ந்தால், 2022 க்கு முன்னும் பின்னும் உள்ள வருடங்களை ஒப்பிடவே வேண்டாம்.

பனை எண்டு எழுதின உடனே பாம் ஒயில் சான்றிதழ் எங்கை, காடழிப்புப் பத்திரம் எங்கை எண்டு கேட்டு எழுதியிருக்கினம். என்ன செய்யிறது தம்பி?

சிரிப்பும் வரும், கோபமும் வரும். அவர்கள் சட்டம் சொல்லும் மரம் எண்ணெய்ப்பனை, தாவரவியற் பெயர் எலாயிஸ் கினியென்சிஸ். எங்கள் மரம் பொராசஸ் பிளாபெலிபர். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு ஒழுங்குவிதி ஏழு பண்டங்களைச் சொல்கிறது: மாடு, கொக்கோ, கோப்பி, எண்ணெய்ப்பனை, இறப்பர், சோயா, மரம். பனங்கட்டியும் ஒடியலும் அதில் இல்லை. அது நடைமுறைக்கு வரும் திகதியும் இரண்டு தடவை தள்ளிப்போடப்பட்டது. பொருளின் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் தாவரவியற் பெயரையும் சுங்கக் குறியீட்டு இலக்கத்தையும் எழுதுங்கள். வெறுமனே "பாம் சுகர்" என்று எழுதியதால் ஒரு மாதம் மின்னஞ்சலில் இழுபட்ட ஒரு சங்கத்தை எனக்குத் தெரியும்.

சட்டம் பொருந்தாவிட்டாலும் காணியின் அமைவிடம் கேட்கிறார்கள் என்றால், அந்த விதியின் அளவையே வழிகாட்டியாக எடுக்கலாம். நான்கு ஹெக்டேயர் வரை ஒரு புள்ளி போதும், அதற்கு மேலே எல்லைக்கோடு வேண்டும். நான்கு ஹெக்டேயர் என்றால் 158 பரப்பு. அவ்வளவு காணி ஒரே துண்டாக இங்கே யாரிடம் இருக்கிறது? புள்ளியோடு முடியும்.

ஆக்களின்ரை ஐசி நம்பர், போன் நம்பர், காணிப் படம் எல்லாம் அனுப்பச் சொல்லுகினம். அனுப்பலாமோ?

அப்படியே அனுப்ப வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு குறி கொடுங்கள், சீ-01, சீ-02 என்று. எந்தக் குறி யார் என்ற தாள் சங்கத்து அலுமாரியில் இருக்கட்டும். கணக்காய்வாளர் நேரில் வந்தால் பார்க்கட்டும். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பியக் கொள்வனவாளருக்கு அவருடைய ஊரிலேயே இதைவிடக் கடுமையான சட்டம் உண்டு. மரியாதையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

காணியைப் பற்றி இன்னும் ஒன்று. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் காணி போய், வருடக்கணக்காக முகாமில் இருந்துவிட்டு வந்த சனம் எங்களுடையது. தொலைபேசியோடு ஒருவன் வேலியோரம் நடந்தால் முதலில் வரும் கேள்வி "ஆர் அனுப்பினது?" என்பதுதான். முதல்நாள் போய்த் தேத்தண்ணி குடித்து, எதற்கு, யாருக்கு, எங்கே வைக்கப்படும் என்று சொல்லிவிட்டு, அடுத்த கிழமை போய் அளங்கள். மறுத்தால் விடுங்கள். அந்தத் துண்டை எல்லைக்கோடு இல்லாமல் கிராமத்தின் பெயரோடு பதிந்தால் போதும்.

பள்ளிக்கூடத்தாலை வந்து பிள்ளையள் ஓலை வாருறது, குட்டான் இழைக்கிறது. அது சிறுவர் தொழிலோ?

இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக்கப்பட்டது. தாய்க்குப் பக்கத்தில் இருந்து அரைமணி நேரம் ஓலை எடுத்துக் கொடுப்பதும், இத்தனை குட்டானுக்கு இவ்வளவு என்று பிள்ளையின் கையில் கட்டளை போவதும் ஒன்றல்ல. படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிதான் இருக்கும். கூலிக்கொப்பியில் யாருடைய பெயருக்குக் காசு போகிறது, அவருடைய வயது என்ன என்று எழுதுங்கள். ஒரு வீட்டிலிருந்து வரும் எண்ணிக்கை ஒரு பெண்ணால் ஒருநாளில் இழைக்கக்கூடியதைவிடக் கூட இருந்தால், படிவத்தை வைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

முப்பது வள்ளத்து நண்டையும் ஒரே பெட்டியிலை போடுறம். எந்த நண்டு எந்த வள்ளம் எண்டு ஆருக்குத் தெரியும்?

ஒவ்வொரு நண்டுக்கும் பெயர் வைக்கத் தேவையில்லை. குருநகரிலோ பாசையூரிலோ நாவாந்துறையிலோ இறங்கும்போது வள்ளத்தின் பதிவிலக்கம், திகதி, கிலோ, வலை வகை ஆகிய நான்கையும் எழுதிவிட்டு, அன்றைய பெட்டிகளுக்கு ஒரே தொகுதி இலக்கம் போடுங்கள். தொகுதி இலக்கத்தைச் சொன்னால் அன்று எந்த முப்பது வள்ளம் என்று பட்டியல் வரவேண்டும். அவ்வளவுதான் தேவை. நேற்று மிஞ்சியதை இன்றையதோடு கலந்தால் புது இலக்கம் போட்டு, எதோடு எது கலந்தது என்று எழுதுங்கள். கூட்டுத்தொகை ஒத்துவர வேண்டும்: உள்ளே வந்த கிலோவில் கழிவும் விற்றதும் மீதியும் சேர்ந்து அடங்கினால் சரி.

இது பொழுதுபோக்குக்குக் கேட்பதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2010 இலிருந்து பிடிச் சான்றிதழ் இல்லாத கடலுணவை ஏற்பதில்லை. ஆழ்கடல் வள்ளங்களின் கண்காணிப்பும் பதிவேடும் ஒழுங்கில்லை என்று 2015 ஜனவரியில் இலங்கை வள்ளங்கள் பிடித்த மீனுக்குத் தடை போட்டது. 2016 ஜூனில்தான் எடுத்தது. யாரோ எழுதாத பதிவேட்டுக்கு முழு நாடும் ஒன்றரை வருடம் சந்தை இழந்து நின்றது.

சீமெந்து, இரும்புக்கெல்லாம் காபன் வரி எண்டு பேப்பரிலை கிடந்தது. எங்கட சாமானுக்கும் வருமோ?

தற்போதைக்கு இல்லை. அது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறக்குமதியாகும் சீமெந்து, இரும்பு, அலுமினியம், பசளை, மின்சாரம், ஐதரசன் ஆகியவற்றுக்கு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990 இல் நிற்காமல் ஓடி, ஐரோப்பாவுக்கும் ஏற்றியிருந்தால் இந்தப் பக்கத்தில் அதற்கு நீண்ட பதில் எழுதியிருப்பேன்.

ஆறு பையர், ஆறு படிவம். ஒவ்வொருத்தரும் வேறை மாதிரிக் கேக்கினம். பைத்தியம் பிடிக்குது.

படிவத்தைப் பார்த்துக் கொப்பி எழுதாதீர்கள். கொப்பி ஒன்று, அதிலிருந்து வருடத்துக்கு ஒரு தாள், அந்தத் தாளிலிருந்து எல்லாப் படிவமும். சிறு நிறுவனங்களுக்கென ஐரோப்பாவில் ஒரு தன்னார்வ நியமம் 2024 டிசெம்பரில் வந்தது. 2025 ஜூலையில் ஆணைக்குழுவும் அதைப் பரிந்துரைத்தது. அதன் அடிப்படைப் பகுதியில் 11 தலைப்புகள்தான். உங்கள் வருடத் தாளை அந்த ஒழுங்கில் எழுதி, "எங்களிடம் இருப்பது இது, இதற்குமேல் என்ன தேவை?" என்று அனுப்புங்கள். ஆறு பேரில் நான்கு பேராவது அதோடு நின்றார்கள் என்பது என் அனுபவம்.

பிழையான இலக்கம் அனுப்பிப்போட்டம். இனிச் சொன்னா மானம் போகுமே?

என்னுடைய மானம் ஏற்கெனவே போய்விட்டது. ஒரு சங்கத்தின் மாத விறகுக் கணக்கை 1,250 கிலோ என்று மின்னஞ்சலில் எழுதி ஜேர்மனிக்கு அனுப்பினேன். அங்கே கால்புள்ளிதான் தசமப் புள்ளி. "மாதம் ஒன்றேகால் கிலோ விறகில் எப்படிக் காய்ச்சுகிறீர்கள், எங்களுக்கும் சொல்லித் தருவீர்களா?" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து ஆயிரத்துக்குக் கால்புள்ளி போடுவதில்லை, 1250 என்று சேர்த்தே எழுதுகிறேன்.

கண்டுபிடித்த அன்றே பழைய எண், புது எண், காரணம் மூன்றையும் ஒரே மடலில் அனுப்புங்கள். பழைய கோப்பை அழிக்காதீர்கள், புதியதற்கு "திருத்தம் 2" என்று பெயர் வையுங்கள்.

இவ்வளவும் செய்தா விலை கூட்டித் தருவினமோ?

பெரும்பாலும் இல்லை. கேட்காமல் தருபவரை நான் இன்னும் காணவில்லை. ஆனால் கேட்கலாம்: தரவு தொகுக்கும் பிள்ளைக்கு மாதத்தில் இரண்டு நாட் கூலி, கிணற்றுநீர்ப் பரிசோதனைச் செலவு, பயணச் செலவு. இவற்றை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு வரியாகப் போடுங்கள். விலையில் அசையாதவர்கள்கூட இந்த வரியில் அசைந்திருக்கிறார்கள். ஏனென்றால் அது அவர்களுடைய வேறொரு செலவுக் கணக்கிலிருந்து போகிறது.

மற்றபடி, கொப்பியைத் திரும்பப் பார்க்கும்போது அகப்படும் காசு உங்களுடையது. மேலே சொன்ன குளிரறைக்காரர் மூன்றாவது தடவை வாயு அடிக்க ஆள் கூப்பிடவில்லை. சவர்க்கார நுரை தடவிப் பார்த்தார். வால்வடியில் குமிழி வந்தது.